டிசம்பர் விடுமுறைக்கு அப்பா அம்மா ஜெர்மனி வருகிறார்கள், சாப்பிட எங்கே கூட்டிப் போகலாம்?

எர்லாங்கன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா முதல் தடவையாக டிசம்பர் 17 அன்று வருகிறார்கள், ஜனவரி 4 வரை இருப்பார்கள். நான் நூரம்பெர்க் பக்கத்தில் எர்லாங்கனில் இருக்கிறேன். வந்து இரண்டு வருடம் ஆகிறது என்றாலும் இரண்டு டிசம்பரிலும் ஊருக்குப் போய்விட்டேன், அதனால் இங்கே குளிர்கால விடுமுறை எப்படி இருக்கும் என்று எனக்கே சரியாகத் தெரியாது.

இணையத்தில் தேடினால் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து கிறிஸ்துமஸ் சந்தைகள் என்கிற மாதிரிதான் வருகிறது. எனக்கு அது வேண்டாம். நீங்கள் வருடா வருடம் திரும்பப் போகிற இடம் எது, அங்கே போனால் என்ன வாங்கிச் சாப்பிடுவீர்கள், எங்கே உட்காருவீர்கள், அதைச் சொல்லுங்கள். இரண்டு பேரும் சைவம். அம்மா முட்டையும் சாப்பிடமாட்டார், கேக்கில் இருந்தால்கூட வேண்டாம் என்பார். அப்பாவுக்கு கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை, ஆனால் மூட்டு வலி இருக்கிறது, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. சந்தை என்றாலே நின்றுகொண்டு சாப்பிடுவதுதான் என்கிறார்கள், அதுதான் கவலை.

அப்புறம் 24, 25, 26 மூன்று நாளும் எல்லாம் மூடிவிடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உண்மையிலேயே எல்லாமா? க்ளூவைன் என்கிற சூடான மசாலா ஒயினைப் பற்றி அப்பா எதிலோ படித்துவிட்டு ஒரு தடவை குடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், அவர் வாழ்க்கையில் மது தொட்டதே இல்லை. அதையும் யாராவது சொல்லுங்கள்.

பெக்னிட்ஸ்கரை:

தம்பி, நான் நூரம்பெர்க்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். என் மாமியாரும் முட்டை சாப்பிடாதவர், மூன்று டிசம்பர் அவரோடு சுற்றியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் முட்டை. சைவம் என்று சொல்லி வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், இங்கே சைவம் என்றால் முட்டையும் பாலும் சேர்ந்ததுதான். சந்தையில் எல்லாரும் முதலில் காட்டுவது உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்துத் தருகிற கார்டோஃபெல்புஃபர். பார்த்தால் அடை மாதிரி இருக்கும், அம்மாவுக்கு ஆசையாகவும் இருக்கும், ஆனால் மாவு பிரியாமல் இருக்க பெரும்பாலும் முட்டை சேர்த்திருப்பார்கள். வாஃபிள், க்ரேப், கேஸ்ஷ்பெட்ஸ்லே என்கிற சீஸ் நூடுல்ஸ் எல்லாவற்றிலும் முட்டை. நூரம்பெர்க்கின் பெருமையான எலிசன் லேப்கூகன் என்கிற மசாலா கேக்கிலும் முட்டை வரும். அதில் மாவு பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பாதாம், ஹேசல்நட், வால்நட் மாதிரி கொட்டை வகை குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி. மாவு இவ்வளவு குறைவாக இருப்பதைச் சேர்த்துப் பிடிக்க முட்டைதான் கைகொடுக்கிறது. அப்பாவுக்கு அதைக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள், தகர டப்பாவில் வருவதை விட சந்தையில் உதிரியாக விற்கிற ஒன்றை வாங்கி அங்கேயே சாப்பிட்டால் மெத்தென்று இருக்கும்.

அம்மாவுக்கு என்ன? சுட்ட மரோனி, அதாவது செஸ்ட்நட். இது எனக்கே ரொம்பப் பிடித்தது. கூம்பு மாதிரி மடித்த காகிதத்தில் சுடச்சுட அள்ளிப் போடுவார்கள், தோலில் கீறல் போட்டிருக்கும், அந்தக் கீறலில் நகத்தை வைத்து உரித்தால் உள்ளே மஞ்சளாக, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பனங்கிழங்கும் கலந்த மாதிரி ஒரு ருசி. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாலே பாதிக் குளிர் போய்விடும். என் மாமியார் முதல் நாள் ஒன்று சாப்பிட்டார், மறுநாள் அவரே போய் விரலைக் காட்டி வாங்கிவந்தார்.

அடுத்தது கெப்ரன்டே மண்டெல்ன், செம்புச் சட்டியில் சர்க்கரையும் பட்டையும் போட்டுக் கிளறுகிற பாதாம். அப்புறம் லாங்கோஷ், ஹங்கேரிக்காரர்களுடையது, நம் பட்டூரா போலப் பொரித்து மேலே பூண்டும் புளித்த க்ரீமும் சீஸும் போடுவார்கள். மெல்லிய பீட்சா மாதிரி இருக்கிற ஃப்ளாம்கூகனில் அடிப்பகுதி வெறும் மாவு, தண்ணீர், எண்ணெய்தான், ஆனால் வழக்கமாக மேலே பன்றி இறைச்சித் துண்டுகள் வரும், சைவமானது தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாவில் முட்டை இல்லைதானே என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, பொட்டலம் போடாமல் விற்கிற உணவிலும் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களில் எது இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியாக வேண்டும், முட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறது. "இஸ்ட் டா ஐ ட்ரின்?" என்று கேட்டால் போதும், தாளை எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். ஒன்று மட்டும் கவனம், பன்றிக் கொழுப்பும் சாராயமும் அந்தப் பட்டியலில் கிடையாது, அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இனி இடம். நூரம்பெர்க்கின் பெரிய சந்தை ஹவுப்ட்மார்க்ட்டில், ஃப்ரவுவன்கிர்ஷே தேவாலயத்துக்கு முன்னால். சிவப்பு வெள்ளைத் துணி போட்ட மரக்கடைகள், பார்க்க அழகுதான், ஒரு தடவை கூட்டிப் போங்கள். ஆனால் சனிக்கிழமை மாலை மட்டும் போகாதீர்கள், அப்பாவின் மூட்டுக்கு அது தண்டனை. செவ்வாய், புதன் காலை 11 மணிக்குப் போனால் கடைக்காரர்கள் பேசுவதற்கு நேரம் வைத்திருப்பார்கள். நான் திரும்பத் திரும்பப் போவது அதுவும் இல்லை, பக்கத்தில் ராட்ஹவுஸ்ப்ளாட்ஸில் நடக்கிற சகோதர நகரங்களின் சந்தை. கிராகோவ், க்ளாஸ்கோ என்று பல ஊர்க்காரர்கள் அவரவர் பலகாரத்தோடு வந்திருப்பார்கள், கூட்டமும் கொஞ்சம் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும்.

உங்கள் ஊர்ச் சந்தையை விட்டுவிடாதீர்கள். எர்லாங்கன் ஷ்லாஸ்ப்ளாட்ஸில் நடக்கிற வால்ட்வைனாக்ட் எனக்கு நூரம்பெர்க்கை விடப் பிடிக்கும். தரையில் மரத்தூள் பரப்பி, நடுநடுவே ஃபிர் மரங்களை நிறுத்தி, காட்டுக்குள் போன மாதிரியே இருக்கும், ஈர மரத்தூள் வாசனை இரண்டு நாள் ஷூவில் இருக்கும். வீட்டிலிருந்து நடந்து போய், அரை மணி நேரம் நின்று, கால் வலித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சந்தை எது? தினமும் போங்கள், கொஞ்சம் கொஞ்சமாக.

ஹோஸ்டல்ஜன்னல்:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் காசு விஷயம் மட்டும் சொல்கிறேன். எந்தச் சந்தையிலும் க்ளூவைனோ, மது இல்லாத கிண்டர்புன்ஷோ வாங்கினால் கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள், அதற்கு ஃபாண்ட் என்று பெயர். வழக்கமாக 3 முதல் 5 யூரோ. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும், கொடுக்காவிட்டால் கோப்பை உங்களுடையது. ஒவ்வொரு ஊரும் தன் பெயரும் அந்த வருடமும் போட்ட கோப்பை செய்கிறது, ஒன்று எடுத்துக்கொண்டு போனால் அப்பா ஊரில் அதிலேயே காபி குடிப்பார். என் அப்பா அப்படித்தான் குடிக்கிறார்.

ரொக்கம் கையில் வைத்திருங்கள், 5, 10 யூரோ நோட்டுகளாக. கார்டு வாங்குகிற கடைகள் கூடிக்கொண்டு வருகின்றன, ஆனால் மரோனி விற்கிற தாத்தாவிடம் கார்டு நீட்ட முடியாது.

24ஆம் தேதி பற்றி: கடைகள் மதியம் 2 மணிக்கு மூடும், சட்டமே அப்படித்தான். நூரம்பெர்க் சந்தையும் அன்று 2 மணியோடு முடிகிறது. 25, 26 அரசு விடுமுறை. 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் தொடர்ந்து நான்கு நாள் கஷ்டம், நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பால், தயிர், காய்கறி எல்லாம் 23ஆம் தேதி காலையிலேயே வாங்கிவிடுங்கள், 24 காலையில் கடையில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அழுகை வரும். கொத்தமல்லி எல்லாம் 22ஆம் தேதியே தீர்ந்துவிடும். மறந்துபோனால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் விடுமுறையிலும் திறந்திருக்கும், ஆனால் நேரம் குறைவு.

தேத்தண்ணி:

வணக்கம் தம்பி. நாங்கள் டோர்ட்முண்டில் முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிறம். பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கட அம்மா இருந்த காலத்தில் ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்துமஸுக்கும்) நீங்கள் கேட்கிற இதே கேள்வியோடுதான் நாங்களும் திரிந்தது.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். ஒரு வருசம் 25ஆம் தேதி மத்தியானம் ஒரு ஜெர்மன் சாப்பாட்டுக்கடையில் இடம் பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். வாத்து இறைச்சி எங்களுக்கு, அம்மாவுக்கு உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்புக் கோவாவும் (முட்டைக்கோஸ்) மட்டும் போதும் என்று சொன்னோம். இறைச்சி இல்லை, மரக்கறிதானே என்று நானும் நம்பிவிட்டேன். அம்மா பாதி சாப்பிட்ட பிறகு மூத்த மகள் பரிமாறின பெண்ணிடம் எதற்கோ கதைக்கப் போய், சிவப்புக் கோவா வாத்துக் கொழுப்பில் வதக்கினது என்று தெரியவந்தது. அவர்கள் மேல் பிழை இல்லை, இந்த நாட்டில் அது காலகாலமாக அப்படித்தான் சமைக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு தண்ணி குடித்தா. அந்த முகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கு. ஆகையால் சிவப்புக் கோவா, சவர்க்ராவுட் (புளிக்கவைத்த கோவா), சூப் மூன்றுக்கும் என்ன கொழுப்பு, என்ன எலும்பு என்று கேளாமல் ஓடர் பண்ணாதீர்கள்.

நத்தார் மூன்று நாளும் எல்லாம் பூட்டு என்பது சரியில்லை. 24 பின்னேரம்தான் ஊர் செத்துப்போகும், அன்றைக்கு ஜெர்மன்காரர் வீட்டோடு இருப்பார்கள், பலர் உருளைக்கிழங்கு சலாட்டும் சொசேஜும் சாப்பிட்டுவிட்டுப் பரிசு பிரிப்பார்கள். 25, 26 மத்தியானம் கனக்கச் சாப்பாட்டுக்கடைகள் திறக்கும், ஆனால் முன்பதிவு இல்லாமல் உள்ளே போக ஏலாது, நவம்பர் கடைசியிலேயே எடுத்துவிட வேண்டும். துருக்கிக் கடைகள், ஆசியக் கடைகள், இந்தியன் கடைகள் பல அந்த நாட்களில் திறந்திருக்கும். 24 இரவுக்கு நீங்கள் வீட்டில் சமைப்பதுதான் நல்லது. சூடான சோறும் ரசமும், வெளியே பனி. அதைவிட என்ன வேணும்.

நத்தாருக்குப் பிறகு உங்கட பக்கம் சந்தைகள் எல்லாம் கழற்றிவிடுவார்கள். எங்கட பக்கம் டோர்ட்முண்டிலும் டுசல்டோர்ஃபிலும் 24, 25 பூட்டினாலும் 26இலிருந்து திரும்பத் திறந்து 30 வரைக்கும் நடக்கும். டோர்ட்முண்டில் மரம் ஒன்று கட்டுவார்கள், 45 மீற்றர், நிறைய மரங்களை அடுக்கி ஒரே மரமாகச் செய்வது. அந்த நாட்களில் சனம் குறைவு, உள்ளூர்க்காரர்தான் வருவார்கள். எங்களுக்கு விருப்பமான நேரம் அதுதான். கொலோன் தேவாலயச் சந்தை 23ஓடு முடிந்துவிடும், அதை நம்பி 27ஆம் தேதி போய் ஏமாறாதீர்கள், எங்கட சொந்தக்காரர் லண்டனிலிருந்து வந்து அப்படித்தான் நின்றவர்கள்.

எர்லாங்கன்வாசி:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. சிவப்பு முட்டைக்கோஸ் விஷயம் படித்ததும் பகீர் என்றது, நான் அதைத்தான் அம்மாவுக்கு வாங்கித் தரலாம் என்று நினைத்திருந்தேன். அலுவலகக் கேன்டீனில் நானே எத்தனை தடவை அதைச் சைவம் என்று சாப்பிட்டிருக்கிறேன்.

க்ளூவைன் பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறார். உட்கார்ந்து சாப்பிடுகிற இடமும் இன்னும் ஒன்றிரண்டு வேண்டும்.

பாம்பெர்க்பாலம்:

மாத்திரை போடுகிறார் என்றால் கிளம்புவதற்கு முன் ஊரிலேயே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். மதுவை அதோடு சேர்க்கலாமா என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும், நாம் சொல்லக்கூடாது.

சரி என்றால், க்ளூவைன் எப்படி என்று சொல்கிறேன். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சில பேர் அன்னாசிப்பூவும் போட்டு, சர்க்கரை சேர்த்துச் சூடாக்குவது. கொதிக்க விடக்கூடாது, சாராயம் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், அப்புறம் கசப்பும் வந்துவிடும். நல்ல கடையில் பாத்திரத்திலிருந்து லேசான ஆவிதான் வரும், குமிழி விட்டுக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். க்ளூவைன் என்ற பெயரில் விற்பதற்குக் குறைந்தது 7 சதவீத சாராயம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதாவது பீரை விடக் கூடுதல், ஆனால் இனிப்பும் மசாலாவும் அதை மறைத்துவிடும். முதல் தடவை குடிப்பவருக்கு அங்கேதான் ஆபத்து. சுக்குக் கஷாயம் மாதிரி இருக்கிறதே என்று மடமடவென்று குடித்துவிடுவார்.

இரண்டாவது விஷயம், குடித்தால் உடம்பு சூடாகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக்குழாய்கள் விரிவதால் அப்படித் தோன்றுகிறது, உண்மையில் உடம்பின் சூடு வெளியேதான் போகிறது. பூஜ்யம் டிகிரியில் ஒரு மணி நேரம் நிற்கப்போகிறவருக்கு அது நல்லதில்லை. ஒரு கோப்பையை வாங்கி நீங்களும் அவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். கூடவே சாப்பிட ஏதாவது. நூரம்பெர்க்கில் ஹைடெல்பேர் க்ளூவைன் என்று ப்ளூபெர்ரியில் செய்ததும் கிடைக்கும், எனக்குச் சிவப்பை விட அது பிடிக்கும், பழ வாசனை தூக்கலாக இருக்கும். அம்மாவுக்குக் கிண்டர்புன்ஷ், பழச்சாறும் மசாலாவும், சாராயம் கிடையாது. அதே கோப்பையில் வரும், அதே ஆவி பறக்கும், ஓரமாக ஒதுங்கி நிற்கிற உணர்வு வராது.

நூரம்பெர்க்கில் ஃப்ளைஷ்ப்ரூக்கே பாலத்தருகே ஒரு பெரிய கொப்பரையில் ஃபாயர்ஸாங்கன்போலே செய்வார்கள், அதைக் குடிக்காவிட்டாலும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். சூடான ஒயினுக்கு மேலே இடுக்கியில் கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியை வைத்து, அதன் மேல் கடுமையான ரம்மை ஊற்றிப் பற்றவைப்பது. நீல நிறத்தில் எரியும். சர்க்கரை உருகிப் பாகாகி, எரிகிற சொட்டாகவே ஒயினில் விழும், விழும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். இருட்டிய பிறகு பார்க்க வேண்டும். டிசம்பரில் நான்கரைக்கே இருட்டிவிடும் என்பதால் அப்பாவைத் தாமதமாக நிறுத்திவைக்கத் தேவையில்லை.

உட்காருவதற்கு என் ஊருக்கு வாருங்கள். எர்லாங்கனிலிருந்து பாம்பெர்க் ரயிலில் அரை மணி நேரம்தான். டிசம்பரில் ஊர் முழுக்கத் தேவாலயங்களில் கிறிஸ்து பிறப்புக் குடில்கள் வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் போய் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், அதுவே மூட்டுக்கு ஓய்வு. அப்புறம் ஷ்லெங்கர்லா. பழைய மதுவிடுதி, கறுத்துப்போன மர உத்தரங்கள், நீள மேஜைகள், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டும், இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தால் சரி. அங்கே புகை பீர். மால்ட்டை பீச் மரக்கட்டைத் தீயில் உலர்த்துவதால் அடுப்படிப் புகை வாசனை அப்படியே பீரில் வரும். முதல் வாய் குடித்ததும் பன்றிக்கறி வாசனை மாதிரி இருக்கிறதே என்று எல்லாரும் சொல்வார்கள், இறைச்சி எதுவும் கிடையாது, வெறும் புகைதான், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டில் அங்கே உங்கள் அம்மாவுக்கு அதிகம் கிடைக்காது. சாப்பிட்டுவிட்டு மாலை நான்கு மணி வாக்கில் போய் ஒரு அரை மணி உட்கார்ந்து வாருங்கள்.

எல்பேகாற்று:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சந்தை சந்தை என்று எல்லாரும் சொல்கிறீர்கள், 63 வயதில் மூட்டு வலியோடு வருகிறவருக்குக் காபிக்கடைதான் இடம். இந்த நாட்டில் மதியம் மூன்று மணிக்கு காபியும் கேக்கும் என்பது பூஜை மாதிரி, டிசம்பரில் அந்த நேரத்தில் கொன்டிட்டோரை என்கிற கேக் கடைக்குள் நுழைந்தால் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து, கோட்டுகள் எல்லாம் கொக்கியில் தொங்கிக்கொண்டு, பாட்டிகள் நான்கு பேர் ஒரு மேஜையில் பேசிக்கொண்டு இருப்பார்கள். உங்கள் அம்மா அப்பா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்வது சந்தையில் தெரிவதை விட அதிகம் என்று நான் நம்புகிறேன். கேக்கில் முட்டை இருக்கும், உண்மைதான், அம்மாவுக்கு ஸ்டோலன் கேளுங்கள்.

ஸ்டோலன் என்றதும் டிரெஸ்டன் சொல்லாமல் இருக்க முடியாது, நான் இங்கேதான் இருக்கிறேன். ஈஸ்ட் போட்ட மாவில் வெண்ணெய், உலர் திராட்சை, பாதாம், ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் சேர்த்துச் சுட்டு, மேலே உருக்கிய வெண்ணெய் தடவி, பொடித்த சர்க்கரையை வெள்ளையாகக் கொட்டுவார்கள். துணியில் சுற்றிய குழந்தை ஏசுவின் வடிவம் என்பார்கள். பழைய முறையில் முட்டை சேர்ப்பதில்லை. ஆனால் திராட்சையைப் பெரும்பாலும் ரம்மில் ஊறவைப்பார்கள், பேக்கரியில் கேட்டு, ரம் இல்லாததும் முட்டை இல்லாததுமாக வாங்குங்கள், கிடைக்கும். ஒரு காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு நாட்களில் வெண்ணெய் தடை, எண்ணெயும் மாவும் மட்டும்தான், சப்பென்று இருந்திருக்கும். 1491இல் எட்டாம் இன்னொசென்ட் போப் வெண்ணெய் சேர்க்க அனுமதி கொடுத்துக் கடிதம் எழுதினார், அதற்கு வெண்ணெய்க் கடிதம் என்றே பெயர். நோன்புச் சாப்பாட்டில் எது சேரும் எது சேராது என்கிற இந்தக் கதை உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் சந்தையான ஸ்ட்ரீட்ஸெல்மார்க்ட் 1434இலிருந்து நடக்கிறது, அதுவும் 24ஓடு முடியும். நூரம்பெர்க்கிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம், ஒரு இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் வாருங்கள், ஒரே நாளில் வந்து போக வேண்டாம். வந்தால் நொய்ஷ்டட் பகுதியில் பிஃபண்ட்ஸ் மோல்கெரை என்கிற பால்கடைக்குக் கூட்டிப் போங்கள். சுவர், கூரை, மேஜை எல்லாம் கையால் வரைந்த ஓடுகள், 1998இல் கின்னஸ் புத்தகத்தில் உலகின் அழகான பால்கடை என்று போட்டார்கள். அங்கே ஒரு கிளாஸ் மோர் வாங்கிக் குடிக்கலாம். நம் மோரை விடக் கெட்டி, உப்பு கிடையாது. என் அப்பா வந்தபோது அந்தக் கடைக்குள் நின்றுகொண்டு மோரைக் குடித்துவிட்டு, இதில் கொஞ்சம் பெருங்காயம் போட்டால் சரியாக இருக்கும் என்றார். மீசையில் வெள்ளையோடு அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெக்னிட்ஸ்கரை:

காபிக்கடை யோசனை சரிதான், ஆனால் சந்தைக்குப் பதிலாக என்பதை ஏற்கமாட்டேன். அந்தக் குளிரில் வெளியே நிற்பதுதான் விஷயமே. முகத்தில் சில்லென்று காற்று, கையில் சூடாகக் கோப்பை, இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ருசி. உள்ளே உட்கார்ந்து குடித்தால் அது வெறும் இனிப்பு ஒயின். முதலில் சந்தையில் இருபது நிமிடம், அப்புறம் காபிக்கடையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, இரண்டும் நடக்கும். அப்பாவுக்குத் தடித்த கம்பளிக் காலுறையும் கனமான அடிப்பகுதி உள்ள ஷூவும் வாங்கிவிடுங்கள், குளிர் தரையிலிருந்துதான் ஏறும், மூட்டுவலிக்கு அதுதான் முக்கியம்.

31ஆம் தேதிக்கு ஒன்று: இந்தப் பக்கம் க்ராப்ஃபென் என்பார்கள், உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை. ஃப்ராங்கன் பகுதியில் ஹிஃபென்மார்க், அதாவது காட்டு ரோஜாக்காய் ஜாம் வைப்பார்கள், புளிப்பும் இனிப்புமாக நன்றாக இருக்கும். முட்டை இருக்கும், அப்பாவுக்கு மட்டும். காலையிலேயே போங்கள், பேக்கரிகள் அன்று சீக்கிரம் மூடிவிடும்.

தேத்தண்ணி:

இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன் தம்பி. சுடுதண்ணிப் போத்தல் ஒன்றில் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்கடையில் தண்ணியும் இலவசம் இல்லை, வயது போனவர்களுக்குக் காசு கொடுத்துத் தண்ணி குடிக்க மனம் வராது, கேட்காமலே இருந்துவிடுவார்கள். எங்கட அம்மா அப்படித்தான் ஒரு நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருந்தவ.

எர்லாங்கன்வாசி:

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். 18, 19 இரண்டு நாளும் எங்கள் ஊர் வால்ட்வைனாக்ட் மட்டும், பயணக் களைப்பு போகட்டும். 22 செவ்வாய்க்கிழமை வருகிறது, அன்று காலை நூரம்பெர்க், இருட்டியதும் அந்த எரிகிற சர்க்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். 23 காலையில் கடை, 24 வீட்டில் ரசம். 25 மதியத்துக்கு ஒரு இந்தியன் கடையில் மூன்று பேருக்கு இடம் சொல்லிவிட்டேன், முட்டை பற்றியும் கேட்டாயிற்று. பாம்பெர்க் 28. டிரெஸ்டன் இந்தத் தடவை முடியாது, ஆனால் ஸ்டோலனை இங்கே பேக்கரியில் நேற்றே கேட்டேன், ரம் இல்லாமல் ஒன்று எடுத்துவைப்பதாகச் சொல்லிவிட்டார் அந்த அம்மா.

அப்பாவிடம் நேற்று தொலைபேசியில் மருத்துவரைக் கேட்கச் சொன்னேன். நாளைக்கே போகிறாராம்.